ஒலிபெருக்கி

விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடைப்பட்ட சிற்றூர்களில், திரௌபதியம்மன் விழா நாள்களில் பகலில் பாரதம் படித்துப் பொருள் கூறுதலும், இரவில் தெருக்கூத்து ஆடுதலும் நெடுங்கால வழக்கம். தமிழாசிரியப் பணியினின்று ஓய்வு பெற்றபின், யானும் அவ்வூர்களுள் ஒன்றில் ஆண்டுதோறும் வில்லிபாரதம் படித்து வந்தேன். முதுமையால் என் குரல் தளர்ந்தது. ஒருநாள், கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து, “ஐயா, உங்கள் வாய் அசைவது தெரிகிறது, கதைதான் காதில் விழவில்லை” என்றார். வாடகை ஒலிபெருக்கி இரவுக் கூத்துக்கு மட்டுமே வரும். பகலுக்கும் அமர்த்த ஊராரிடம் பொருளில்லை. மறு ஆண்டு படிப்பதை விட்டுவிடலாம் என்றே எண்ணினேன். அதனைக் கேள்வியுற்ற மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, “விட வேண்டா ஐயா, நானே ஓர் ஒலிபெருக்கி செய்து தருகிறேன்” என்றான்.

மாணவர்களே! ஒலிபெருக்கி எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். ஏரியின் மதகுப் பலகையைச் சிறுவன் ஒருவன் ஏற்றினால் நீர் பாய்ந்தோடுகிறது, இறக்கினால் தணிகிறது. பாயும் ஆற்றல் சிறுவனுடையதன்று; ஏரியினுடையது. அதனை ஆள்வது மட்டுமே அவன் செயல். ஒலிபெருக்கியிலும் இதுவே நிகழ்கிறது. நம் குரல் ஒலிவாங்கியில் பட்டு, ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கே ஆகிய மிகச் சிறிய மின்னழுத்தமாக மாறுகிறது. அச்சிறு மின்னழுத்தம், மின்வழங்கி என்னும் ஏரியிலிருந்து வரும் பெரிய மின்னோட்டத்தைத் தன் ஏற்ற இறக்கத்திற்கேற்ப ஆள்கிறது. அவ்வாறு ஆளப்பட்ட மின்னோட்டமே ஒலிபரப்பியின் தாள்கூம்பை அசைத்து, நம் குரலைப் பெரிதாக்கித் தருகிறது.

இம்மதகுப் பலகையின் வேலையைச் செய்யும் மூன்றுமுனைக் கண்ணாடிக் குழாயை, அமெரிக்க நாட்டு அறிஞர் லீ டி பாரஸ்ட் 1906ஆம் ஆண்டில் அமைத்தார். 1947ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீனும் பிராட்டனும் விரல்நுனியளவே ஆன டிரான்சிஸ்டரைக் கண்டனர். அத்துறைக்காக அவ்விருவரும் ஷாக்லியும் 1956ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். தம் கையாலேயே கருவி அமைக்கும் ஆர்வம் நம் நாட்டிற்கும் புதிதன்று. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் என்பவர் 1924ஆம் ஆண்டில் சென்னை மாகாண வானொலிக் கழகத்தை நிறுவினார். 40 வாட் ஆற்றலே உடைய சிறு கருவியைக்கொண்டு அக்கழகம் அவ்வாண்டிலேயே ஒலிபரப்பத் தொடங்கியது. பொருள் முட்டுப்பாட்டால் 1927இல் அது நின்றது. எனினும், அக்கருவியைப் பெற்ற சென்னை மாநகராட்சி 1930இல் அப்பணியைத் தொடர்ந்தது.

நம் மாணவன் திண்டிவனத்தில் இரயிலேறிச் சென்னை சென்று, ரிச்சித் தெருவில் வேண்டிய உறுப்புகளை வாங்கி வந்தான். வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்க ஒரு மின்மாற்றி. மாறு மின்னோட்டத்தை ஒருதிசைப்படுத்த நான்கு டையோடுகள். அதன் அலைவைத் தணிக்கக் கடைக்காரர் கண்டென்சர் என்னும் மின்தேக்கி. மெல்லிய குறியை முதலில் உயர்த்த ஒரு டிரான்சிஸ்டர். பின்னர் ஒலிபரப்பியை இயக்கும் வலிமை தர டி.டி.ஏ. 2030 என்னும் ஐந்துகால் சில்லு. அச்சில்லின் வெப்பத்தை வெளியேற்ற ஓர் அலுமினியத் தகடு. இவற்றை ஒரு பலகையில் அமைத்துப் பற்றாசு வைத்து இணைத்தான்.

விழாவிற்கு மூன்று நாள் இருந்தபோது கருவியை முடுக்கினோம். வண்டுக் கூட்டம்போல் ‘உம்’ என்ற இரைச்சலே எழுந்தது. என் குரல் அதனுள் அமிழ்ந்தது. மாணவன் மனங்கலங்கி, அன்று மாலைக்குள் மின்தேக்கியை மாற்றினான், சில்லை மாற்றினான், இணைப்புகளையும் பிரித்துக் கட்டினான். முடிவில் இரைச்சலும் நின்றது. ஒலியும் அறவே நின்றது! “எல்லாம் பாழாயிற்று ஐயா” என்று தலைகுனிந்தான்.

எனக்கு மின்னியல் தெரியாது. யாப்பியல் சிறிது தெரியும். “தம்பி, வெண்பாவில் தளை தட்டினால் நாம் செய்யுள் முழுவதையும் அழித்தா எழுதுகிறோம்? முதற்சீரும் இரண்டாம் சீரும் பொருந்துகின்றனவா, இரண்டும் மூன்றும் பொருந்துகின்றனவா என வரிசையாகப் பார்க்கிறோம். தட்டும் இடம் தெரிந்தபின் அதனை மட்டும் திருத்துகிறோம். உன் கருவியையும் அவ்வாறு சீர்பிரித்துப் பார்க்கலாகாதா?” என்றேன். அவன் முகம் மலர்ந்தது.

முதலில் மின்வழங்கியை அளவுகருவியால் அளந்தான். 15 வோல்ட்டு இருந்தது. எனவே, அங்கே குறையில்லை. அடுத்து, கருவியின் மின்னை நிறுத்தி, ஒலிபரப்பியைத் தனியே கழற்றி, ஒன்றரை வோல்ட்டு மின்கலத்தை அதன் முனைகளில் நொடிப்பொழுது தொட்டான். ‘டக்’ என ஒலித்தது. அங்கும் குறையில்லை. எஞ்சியது இடைப்பட்ட பகுதியே. பூதக்கண்ணாடி கொண்டு நோக்கியபோது, சில்லின் ஒரு காலில் வைத்த பற்றாசு பளபளப்பின்றிச் சாம்பல் நிறமாய் ஒட்டாமல் இருந்தது. அதனைச் சூடேற்றி மீண்டும் பற்றவைத்ததும் ஒலி வந்தது. இரைச்சலும் உடன் வந்தது.

பின்னர் ஒலிவாங்கிக் கம்பியை நீக்கி, உள்வரும் முனைகள் இரண்டையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தான். இரைச்சல் நின்றது. அதனால், அது கருவியில் பிறந்ததன்று; ஒலிவாங்கிக் கம்பி வழியே நுழைவது எனத் தெளிந்தான். அக்கம்பியைச் சூழ்ந்த வலைப்பின்னல் உறை, கருவியின் பொதுமுனையில் இணைக்கப்படாமல் விடுபட்டிருந்தது. சுற்றிலுமுள்ள மின்கம்பிகளின் பாதிப்பைத் தடுப்பது அவ்வுறையே. அதனை இணைத்ததும் இரைச்சல் ஒழிந்தது. மூன்று நாள் துன்பத்திற்குக் காரணம் விரற்கடையளவு கம்பி! விழாப் பந்தலில் கருவி ஒருமுறை வீறிட்டது. ஒலிபரப்பியின் ஒலி மீண்டும் ஒலிவாங்கியில் புகுந்ததே காரணம். ஒலிபரப்பியை எனக்கு முன்னே தள்ளி மக்களை நோக்கி வைத்தவுடன் அதுவும் அடங்கியது.

மாணவர்களே, ஓர் எச்சரிக்கை. வீட்டு மின்சாரம் உயிரைக் குடிக்க வல்லது. இணைப்பை முற்றிலும் பிடுங்கிய பின்னரே கருவியைத் திறத்தல் வேண்டும். பிடுங்கிய பின்னும் மின்தேக்கி சிறிது நேரம் மின்னைத் தேக்கி வைத்திருக்கும். எனவே, அத்தொழில் அறிந்த பெரியவர் அருகில் இல்லாமல் இம்முயற்சியில் இறங்குதல் கூடாது.

அவ்வாண்டு அபிமன்யு போர்க்களத்தில் வீழ்ந்த பகுதியைப் படித்தேன். கடைசி வரிசையில் அம்மூதாட்டி முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார். கதை அவர் செவியில் விழுந்தது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

கலங்கிய உள்ளம் பத்து இடத்தை ஒருங்கே மாற்றும். எது குறை என்பதை அறியாது. தெளிந்த உள்ளம் ஓரிடத்தைச் சோதிக்கும். அது நன்றெனக் கண்டபின் அடுத்த இடத்திற்குச் செல்லும். கருவிக்கும் கணக்கிற்கும் கவிதைக்கும் இம்முறை ஒன்றே.

பயிற்சி

1. மதகுப் பலகைக்கும் ஒலிபெருக்கிக்கும் உள்ள ஒப்புமையை விளக்குக.
2. இரைச்சல் கருவியில் பிறக்கவில்லை என்பதை மாணவன் எவ்வாறு அறிந்தான்?
3. உறுப்புகள் பலவற்றை ஒருங்கே மாற்றியதால் நேர்ந்த தீங்கு யாது?