பெயர்க்கல் இல்லாத கல்லறை

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள சட்டநூகா நகரத் தெருக்களில், நூறாண்டுகளுக்கும் முன்பு ஒரு சிறுமி பாடுவாள். அவளுடைய அண்ணன் கித்தார் வாசிப்பான். வழிப்போக்கர்கள் போடும் சில்லறைதான் அவர்களின் வருமானம். இளம் வயதிலேயே பெற்றோரை இழந்த அச்சிறுமிதான் பின்னாளில் 'புளூஸ் பேரரசி' எனப் போற்றப்பட்ட பெஸ்ஸி ஸ்மித்.

1912இல் ஊர் ஊராகச் செல்லும் கலைக்குழு ஒன்றில் பெஸ்ஸி சேர்ந்தார். அங்கு மா ரெய்னி என்னும் சிறந்த பாடகி ஏற்கெனவே இருந்ததால், பெஸ்ஸிக்கு முதலில் கிடைத்தது நடனமாடும் வேலையே.

புளூஸ் என்பது, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களிடையே அமெரிக்கத் தென்மாநிலங்களில் உருவான இசை. இதன் பாடல் அமைப்பு பெரும்பாலும் எளிது. முதல் அடியைப் பாடுவர். அதையே மீண்டும் பாடுவர். மூன்றாம் அடியில் அதற்கு மறுமொழி வரும். பிரிவு, வறுமை, வெள்ளம், கடன் போன்றவையே பாடுபொருள். எனினும், இதை வெறும் ஒப்பாரி என்று எண்ணிவிடக் கூடாது. அழுகையோடு கேலியும் துணிச்சலும் இதில் கலந்திருக்கும். ஒலிவாங்கி இல்லாத கூடாரங்களில்கூடக் கடைசி வரிசை வரை எட்டிய பெஸ்ஸியின் குரலில் இவை அனைத்தும் இருந்தன.

1923இல் கொலம்பியா நிறுவனம் அவருடைய முதல் இசைத்தட்டை வெளியிட்டது. ஆறே மாதங்களில் 700,000க்கும் மேற்பட்ட தட்டுகள் விற்றதாகக் கூறுவர். ஆனால், அந்த விற்பனையில் அவருக்குப் பங்கு இல்லை. ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று பேசிய தொகை மட்டுமே கிடைத்தது. அக்குரலை வாங்கியவர்களுக்கு அதன் விலை தெரிந்திருந்தது. விற்றவருக்கு அதைச் சொல்லித் தர யாரும் முன்வரவில்லை.

அப்படியிருந்தும், மேடை நிகழ்ச்சிகளின் வழி அவர் பெரும் பொருள் ஈட்டினார். அக்காலக் கறுப்பினக் கலைஞர்களுள் மிக அதிக ஊதியம் பெற்றவர் அவரே. 1925இல் தம் குழுவினருக்காக ஓர் இரயில் பெட்டியையே சொந்தமாக்கிக் கொண்டார். இதை ஆடம்பரம் என்று சொல்லிவிட முடியாது. தென்மாநிலங்களில் வெள்ளையர் நடத்திய தங்குவிடுதிகள் கறுப்பினத்தவருக்கு அறை கொடுக்கமாட்டா. இரவில் கண்ணயர அவர்களுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

பிறகு வானொலியும் பேசும் படமும் பரவின; 1929இல் தொடங்கிய பொருளாதார மந்தம் இசைத்தட்டு வணிகத்தை முடக்கியது. 1931இல் கொலம்பியா அவரைக் கைவிட்டது. 1933இல் அவர் கடைசியாகப் பதிவுசெய்த நான்கு பாடல்களுக்குக் கிடைத்தது, பாட்டுக்கு 37.50 டாலர்.

1937 செப்டம்பர் 26ஆம் நாள் அதிகாலை, மிசிசிப்பி மாநிலத்தின் கிளார்க்ஸ்டேல் நகருக்கு அருகே அவர் சென்ற கார் ஒரு லாரியின் பின்புறத்தில் மோதியது. அன்றே அவர் உயிர் பிரிந்தது. வெள்ளையர் மருத்துவமனை சேர்க்க மறுத்ததால்தான் அவர் இறந்தார் என்ற செய்தி விரைவில் பரவியது. அதை வைத்து எட்வர்ட் ஆல்பி நாடகமே எழுதினார். உண்மையில், அவர் கிளார்க்ஸ்டேலில் இருந்த கறுப்பினத்தவர் மருத்துவமனைக்கே நேராகக் கொண்டு செல்லப்பட்டார். மறுத்த கதை பொய்தான். ஆயினும், நோயாளியின் நிறத்தைப் பார்த்து மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் அங்கே இருந்தது பொய்யன்று. அதனால்தான் அக்கதையை எல்லாரும் எளிதில் நம்பினர்.

பிலடெல்பியாவில் நடந்த இறுதிச் சடங்கில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். ஆனால், அவரைப் புதைத்த இடத்தில் பெயர் பொறித்த கல் ஒன்றுகூட வைக்கப்படவில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகள் அது புல் மூடிக் கிடந்தது. நாளிதழுக்கு வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தால் இச்செய்தி வெளியில் தெரிந்தது. 1970 ஆகஸ்டு மாதம் அங்கே கல் நடப்பட்டது. அதற்கான செலவை இருவர் பகிர்ந்துகொண்டனர். ஒருவர், பெஸ்ஸியின் பாடல்களைக் கேட்டு வளர்ந்த ராக் பாடகி ஜேனிஸ் ஜாப்லின். மற்றவர் ஜுவானிட்டா கிரீன் என்னும் பெண்மணி. சிறுவயதில் அவர் பெஸ்ஸியின் வீட்டுத் தரையைத் தேய்த்துக் கழுவியவர்.