குழந்தையின் கையில் ஒரு பேஸ்பால்

பனி உருகி வசந்தம் பிறந்ததும், அமெரிக்க ஊர்களின் பூங்காக்களில் மாலைதோறும் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். வேலையிலிருந்து திரும்பிய தகப்பனாரோ தாயாரோ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒருபுறம் நிற்க, பத்தடி தள்ளி, காதை மறைக்கும் தொப்பியும் கைக்கு மிஞ்சிய கையுறையும் அணிந்த குழந்தை எதிரே நிற்க, இருவருக்கும் இடையே ஒரு பந்து போவதும் வருவதுமாக இருக்கும். பேஸ்பால் விளையாட்டின்மீது ஆயுள் முழுவதும் நீடிக்கும் பிரியம் இந்தப் பத்தடி இடைவெளியில்தான் உண்டாகிறதேயன்றி, ஆயிரக்கணக்கானோர் ஆரவாரிக்கும் ஸ்டேடியத்தில் அன்று என்பது என் திடமான அபிப்பிராயம். ஆகவே குழந்தைக்கு இவ்விளையாட்டில் ருசி ஏற்படுத்த விரும்புவோர் விதிகளைப் போதிப்பதில் ஆரம்பிக்காமல், பந்தைக் கையில் கொடுப்பதில் ஆரம்பிக்க வேண்டும்.

எந்தப் பந்து என்பது முக்கியமான விஷயம். பெரியவர்கள் ஆடும் பேஸ்பால் ஏறக்குறைய 145 கிராம் எடையுள்ளது; தோல் போர்த்தி, சிவப்பு நூலால் 108 இரட்டைத் தையல் போட்டது; கிரிக்கெட் பந்தைப் போலவே கடினமானது. நான்கு வயதுக் குழந்தையின் மூக்கில் அது ஒருமுறை பட்டுவிட்டால், அந்தப் பயம் வருஷக்கணக்கில் போகாது. முதலில் மிருதுவான ரப்பர் பந்தோ ஸ்பாஞ்சுப் பந்தோ போதும். கையுறையும், வளர்ந்த பிறகும் உதவட்டும் என்ற சிக்கன புத்தியால் பெரிதாக வாங்காமல், ஒன்பது அல்லது பத்து அங்குல அளவில், அந்தச் சிறு விரல்களால் மடக்கக்கூடியதாக இருப்பது அவசியம்.

புதிய கையுறை பலகையைப் போல விறைப்பாக இருக்கும். அதைப் பதப்படுத்தும் வேலையைக் குழந்தையிடமே ஒப்படையுங்கள். கையுறைக்கென விற்கும் எண்ணெயைத் துணியில் சிறிது தொட்டு உள்ளங்கைப் பகுதியில் தேய்த்து, நடுவே பந்தை வைத்து மூடி, நாடாவால் இறுகக் கட்டி, இரவில் மெத்தைக்கு அடியில் வைத்துவிட வேண்டும். என் பேரன் ஐந்தாவது வயதில் இவ்வாறு செய்து படுத்தவன், நடுநிசியில் எழுந்து மெத்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இன்னும் மெத்துனு ஆகலையே!" என்று என்னை வந்து எழுப்பினான். அன்றைக்கே அவன் இந்த விளையாட்டுக்குச் சொந்தக்காரனாகிவிட்டான் என்று நினைக்கிறேன். அதுவரை அவன் ஒரு பந்தையும் ஒழுங்காகப் பிடித்ததில்லை.

எறிந்து பிடிக்கத் தொடங்கும்போது, கையைத் தாழ்த்திக் கீழிருந்து மெல்லத் தூக்கிப் போடுங்கள். இடுப்புக்கு மேலே வரும் பந்துக்கு விரல்கள் வானத்தை நோக்க வேண்டும், கீழே வருவதற்குத் தரையை நோக்க வேண்டும் என்ற ஒன்றைத் தவிர வேறெந்த உபதேசமும் ஆரம்பத்தில் வேண்டியதில்லை. கால் மணி நேரம் போதும். "இன்னும் கொஞ்சம்" என்று குழந்தை கெஞ்சும் தருணத்தில் நிறுத்திவிடுவதே நல்லது; மறுநாள் மாலை பந்தை எடுத்துக்கொண்டு அது தானாகவே நம்மைத் தேடி வரும்.

அடுத்தது மட்டை. ஓடிவரும் பந்தை அடிப்பது வளர்ந்தவர்களுக்கே பிரயாசையான காரியம். ஆதலால் குழந்தையின் இடுப்பு உயரத்தில் 'டீ' என்னும் குழாய்த் தண்டின்மீது பந்தை அசையாமல் வைத்து அடிக்கச் செய்யும் டீ-பால் ஆட்டத்தில் தொடங்குவார்கள். அடித்த குழந்தை 'பேஸ்' எனப்படும் தளங்களில் முதல் தளத்துக்குப் பதிலாக மூன்றாம் தளத்துக்கு ஓடினாலும் ஓடட்டும். கிரிக்கெட்டில் வளர்ந்த நம்மவர் இங்கே சற்று ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்: பின்புறம் தட்டிவிட்டு ஓட்டம் எடுப்பது இங்கே இல்லை, இரு கோடுகளுக்கு இடையே விழுந்த பந்துக்குத்தான் ஓட்டம், மட்டையையும் கீழே போட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும்.

ஆட்டம் பார்க்க அழைத்துச் செல்லும்போது பெரிய நகரத்து அணிகளைவிட மைனர் லீக் அணிகளின் சிறிய மைதானமே குழந்தைக்கு உகந்தது. டிக்கெட்டும் மலிவு, ஆட்டக்காரர்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார்கள். ஒன்பது இன்னிங்ஸும் உட்கார வேண்டும் என்ற நிர்ப்பந்தம் கூடாது. ஏழாவது இன்னிங்ஸின் நடுவில் ஜனங்கள் எல்லோரும் எழுந்து நின்று, 1908-இல் இயற்றப்பட்ட ஒரு பாட்டைச் சேர்ந்து பாடுவார்கள். அதுவரை இருந்துவிட்டால் போதுமானது.

ஏழெட்டு வயதில், எண்களில் பழக்கம் வந்ததும், ஸ்கோர் கார்டையும் பென்சிலையும் கொடுங்கள். இதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். என் அனுபவத்தில் இதைப் போல் பிடித்து இழுக்கும் சாதனம் வேறில்லை. பந்தெறிபவர் 1, அவருக்கு எதிரே குந்தியிருக்கும் காட்சர் 2, முதல் தளக்காரர் 3, இரண்டாம் தளக்காரர் 4, மூன்றாம் தளக்காரர் 5, இரண்டாம் மூன்றாம் தளங்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6, வெளிமைதானத்தில் இடமிருந்து வலமாக 7, 8, 9. ஆகவே 6-4-3 என்று எழுதினால், ஷார்ட்ஸ்டாப் எடுத்த பந்து இரண்டாம் தளக்காரரிடம் சென்று அங்கிருந்து முதல் தளத்துக்குப் பறந்து, இருவர் ஒரே வீச்சில் ஆட்டமிழந்த கதை முழுவதும் மூன்று எண்களில் அடங்கிவிடுகிறது. இரகசிய பாஷை கற்றுக்கொண்ட குதூகலம் குழந்தைக்கு உண்டாகும். ஆட்டத்தைக் கணக்கில் பதியும் இம்முறையை வளர்த்தவர்களில் முதன்மையானவரான ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் பிறந்தவர், கிரிக்கெட் செய்திகளும் எழுதியவர் என்பது நாம் மகிழத்தக்க விஷயம்.

உறங்கும் வேளைகளில் கதைகள் வேண்டும். மிச்சிகன் மாகாணத்துப் பிளின்ட் நகரில் வலது மணிக்கட்டுக்கு அப்பால் கை இன்றிப் பிறந்த ஜிம் அபட், சிறு வயதில் வீட்டுச் சுவரில் பந்தை எறிந்து எறிந்து தனக்கென ஒரு முறையைப் பழகிக்கொண்டார். கையுறையை வலது முன்கையின் நுனியில் தாங்கியபடி இடக்கையால் எறிவார். எறிந்த கணமே அந்த இடக்கையைக் கையுறைக்குள் நுழைத்து, திரும்பிவரும் பந்தைப் பிடிப்பார். 1993 செப்டம்பர் 4-ஆம் தேதி நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக அவர் எறிந்தபோது, எதிரணியான கிளீவ்லாந்தில் ஒருவராலும் ஒரு 'ஹிட்' கூட அடிக்க முடியவில்லை. இந்தக் கதையைச் சொன்ன மறுநாள் காலை குழந்தை ஒற்றைக் கையால் கையுறையை மாற்றிப் பார்க்காமல் இராது.

கடைசியில்தான் அணியில் சேர்ப்பது. 1939-இல் பென்ஸில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் கார்ல் ஸ்டாட்ஸ் தொடங்கிய லிட்டில் லீக், குழந்தைகளின் கால்களுக்கு ஏற்ப, தளங்களின் இடைவெளியை 90 அடியிலிருந்து 60 அடியாகக் குறைத்து அமைத்தது. அதன் விதிப்படி, பந்தெறியும் குழந்தைக்கு எட்டு வயது வரை நாளொன்றுக்கு 50 எறிதல்களும், ஒன்பது, பத்து வயதில் 75-உமே உச்ச வரம்பு. வளரும் தோளைக் காப்பதற்கான இந்த வரம்பை, பயிற்சியாளர் மறந்தாலும் பெற்றோர் மறக்கலாகாது. தோற்ற நாளில் வீடு திரும்பும் வழியெல்லாம் பிழைகளை எடுத்துரைக்கும் வழக்கத்தையும் அறவே விட்டுவிடுங்கள். 1941-இல் பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸ் மட்டையடியில் பெற்ற சராசரி .406; அந்தப் பொன்னான வருஷத்திலும், பத்துக்கு ஆறு தடவை அவர் வெறுங்கையோடு திரும்பியவரே. குழந்தைக்கு அன்று தேவைப்படுவது சாப்பாடும் தூக்கமுந்தான்.

இன்னும் ஒன்று. கடைக்குப் போகும் பெற்றோர் பெரும்பாலும் குழந்தைக்கு மட்டும் கையுறை வாங்கித் திரும்புகிறார்கள். பத்து வயதுக்குள் பந்து கெட்டியானதாக மாறிவிடும், எறியும் கையும் பலத்துவிடும். வெறுங்கையால் அப்போது பிடிக்க இயலாது, மாலை விளையாட்டு அத்துடன் நின்றுபோகும். ஆகையால் கையுறை இரண்டு வாங்குங்கள், ஒன்று உங்களுக்கு.