எந்த ஆண்டின் வீடு?

வரலாற்றுச் சான்றுகள் பற்றிய பாடத்தைக் கல்வெட்டு, செப்பேடு, நாணயம் என்று தொடங்குவதே நம் வழக்கம். மாணவர்களும் அவற்றை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால், ஒரு சான்றைப் பாதுகாக்கும்போது எதை வைத்துக்கொள்கிறோம், எதை நீக்குகிறோம் என்ற கேள்வி வகுப்பில் எழுவதே இல்லை. அந்தக் கேள்விக்காகவே ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பாடவேளைகளை ஒரு வீட்டுக்கு ஒதுக்கினேன். அமெரிக்காவில், சிகாகோ நகரை மேற்கே ஒட்டியுள்ள ஓக் பார்க் என்ற புறநகரில் இருக்கும் வீடு அது. கட்டடக் கலைஞர் பிராங்க் லாய்டு ரைட் தன் குடும்பத்துக்காகக் கட்டியது.

1889இல் ரைட்டுக்கு வயது 22. புதிதாக மணமானவர். தான் வேலை பார்த்த நிறுவனத்தின் கட்டடக் கலைஞர் லூயி சல்லிவனிடம் 5,000 டாலர் கடன் வாங்கி, தெருமுனையில் ஒரு மனையில் வீட்டைக் கட்டினார். சிறிய வீடுதான். முகப்பில் பெரிய முக்கோணக் கூரை, வெளிச்சுவரில் ஓடு போல அடுக்கிய மரச்சில்லுகள், நடுவே குளிர்காயக் கணப்பு. பிள்ளைகள் பிறக்கப் பிறக்க இடம் போதவில்லை. 1895இல் பழைய சமையலறை சாப்பாட்டு அறையானது. பின்புறம் புதிய சமையலறை வந்தது. அதன் மேல்மாடியில் குழந்தைகளுக்கென்றே ஒரு விளையாட்டுக் கூடம் எழுந்தது.

தொடக்கநிலை ஆசிரியர்கள் இந்தக் கூடத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். குறுகலான, தாழ்ந்த வழியில் நடந்து வந்தால் திடீரென உயரமான கூடம் விரியும். பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்தது போன்ற வளைந்த கூரை, அதன் உச்சியில் வெளிச்சம் இறங்க ஒரு திறப்பு. ஜன்னல்கள் குழந்தைகளின் கண் உயரத்தில் இருக்கின்றன. பெரியவர்கள்தாம் குனிந்து பார்க்க வேண்டும்! இடம் அடைக்காமலிருக்கப் பெரிய பியானோவின் உடலைச் சுவருக்குள் செருகி, மறுபக்கம் மாடிப்படிக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறார்கள். ரைட்டின் மனைவி கேத்தரின் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு இங்கே மழலையர் வகுப்பு நடத்தினார். மழலையர் கல்வியின் தந்தை எனப்படும் பிரோபெல் வடிவமைத்த மரக்கட்டைகளைத் தன் தாய் வாங்கித் தந்ததையும், அவை தன் கண்ணையும் கையையும் பழக்கியதையும் ரைட்டே எழுதியிருக்கிறார். செயல்வழிக் கற்றலுக்குச் சான்று தேடுவோர் அதிக தூரம் போக வேண்டாம்.

1898இல் வீட்டை ஒட்டியே பணிக்கூடம் சேர்ந்தது. எண்கோண வடிவில் நூலகம். அருகே இரண்டு மாடி உயரத்தில் வரைபடக் கூடம். கூடத்தைச் சுற்றியுள்ள மேல்தளம் இரும்புச் சங்கிலிகளில் தொங்குகிறது. வீட்டையும் பணிக்கூடத்தையும் இணைக்கும் நடைவழியில் ஒரு மரம் நின்றது. அதை வெட்டாமல், மரம் கூரையைத் தாண்டி வளரும்படி சுற்றிலும் கட்டினார்கள். மாணவர்கள் அதிகம் கேள்வி கேட்டது இந்த மரத்தைப் பற்றித்தான்.

1909இல் ரைட் குடும்பத்தைப் பிரிந்து ஐரோப்பா சென்றார். 1911இல் கட்டடம் மீண்டும் மாறியது. இம்முறை காரணம் வேறு. பணிக்கூடம் கேத்தரினும் பிள்ளைகளும் குடியிருக்கும் இடமானது. பழைய வீடு வாடகைக்கு விடப்பட்டது. இரண்டுக்கும் நடுவே தடுப்புச்சுவர் எழுந்தது. இந்த மாற்றத்துக்கு வரைபடம் போட்டுத் தந்தவரும் ரைட்தான். 1925இல் வீடு விற்கப்பட்டது. பிறகு பல குடித்தனங்களாகப் பிரிந்தது.

1974இல் அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளை இதை வாங்கியது. சீரமைப்பு 1987 வரை நீண்டது. பழைய புகைப்படங்களை வைத்தும், சுவரில் வண்ணப் பூச்சுகளை அடுக்கடுக்காகச் சுரண்டிப் பார்த்தும் பழைய நிலையைக் கண்டறிந்தார்கள். ஆனால் ‘பழைய நிலை’ என்றால் எந்த ஆண்டு? அவர்கள் தேர்ந்தெடுத்தது 1909. ரைட் அங்கே குடும்பத்தோடு வாழ்ந்து, தொழிலும் செய்த கடைசி ஆண்டு அது.

இந்த முடிவைச் சொல்லாமல், ஐந்து காலக்கட்டங்களின் தரைப்படங்களை எளிமையாகக் கரும்பலகையில் வரைந்துவிட்டு, “நீங்கள் பொறுப்பாளர்களாக இருந்தால் எந்த ஆண்டுக்குத் திருப்புவீர்கள்?” என்று குழுக்களிடம் கேட்டேன். முதலில் கட்டியதுதான் உண்மையான வீடு என்று இரண்டு குழுக்கள் 1889ஐச் சொன்னார்கள். அப்படியானால் விளையாட்டுக் கூடத்தையும் பணிக்கூடத்தையும் இடிக்க வேண்டுமே என்று மற்றவர்கள் மடக்கினார்கள். ஒரு மாணவி, “1909க்குத் திருப்பினால் அந்தத் தடுப்புச்சுவர் போய்விடும் இல்லையா, டீச்சர்? அப்புறம் அந்த அம்மா எப்படிச் சமாளித்தார்கள் என்று வீட்டைப் பார்த்து யாருக்குத் தெரியும்?” என்றாள். வகுப்பு அமைதியானது.

கட்டடக் கலையின் கண்ணோட்டத்தில் 1909 சரியான தேர்வு என்பது என் கருத்து. ரைட்டைப் புகழ்பெறச் செய்த பல கட்டடங்களின் வரைபடங்கள் அந்தப் பணிக்கூடத்தில் உருவானவை. ஆனாலும் அந்த மாணவி கேட்டதை ஒதுக்கிவிட முடியாது. புகழ்பெற்றவர் வாழ்ந்த ஆண்டுகள் சுவராக நிற்கின்றன. அவர் போன பின் வீட்டைத் தாங்கியவரின் ஆண்டுகள் தாளில் மட்டும் இருக்கின்றன.

தரைப்படம் வரையும்போது அளவுகள் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு வண்ணச் சுண்ணக்கட்டி போதும். சீரமைத்தவர்களின் முடிவை இரண்டாவது பாடவேளையில்தான் சொல்ல வேண்டும். முன்பே சொன்னால் விவாதம் படுத்துவிடும். நிறைவாக, நீக்கப்பட்ட சுவர் இருந்த இடத்தில் வைக்க இருபது சொற்களுக்குள் ஓர் அறிவிப்புப் பலகை எழுதச் சொன்னேன். அதையே வளரறி மதிப்பீடு (அ)வுக்கும் எடுத்துக்கொண்டேன். ஒரு குழு எழுதியது: “இங்கே ஒரு சுவர் இருந்தது. அந்தப் பக்கம் வாடகைக்கு வந்தவர்கள். இந்தப் பக்கம் கேத்தரினும் பிள்ளைகளும்.”