வேலி தாண்டி விழுந்தால் அவுட்டா?



மாலை வேளையில் பந்து விளையாடும்போது அடிக்கடி ஒரு சச்சரவு எழுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஒருத்தி ஓடிச் சென்று பந்தைப் பிடிப்பாள். பிடித்த வேகத்தில் கோட்டையும் தாண்டிப் போய்விடுவாள். "அவுட்!" என்று ஒரு கட்சி கூவும். "செல்லாது, செல்லாது, கோட்டுக்கு வெளியே!" என்று மறு கட்சி கூவும். மணி அடிக்கும் வரை வழக்குத் தீராது. இதே வழக்கை அமெரிக்க மக்களின் அபிமான ஆட்டமாகிய பேஸ்பால் எவ்வாறு தீர்த்து வைக்கிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஆட்டத்தின் அமைப்பு

பேஸ்பாலில் அணிக்கு ஒன்பது பேர். சதுரமாக அமைந்த நான்கு தளங்களில், ஒரு தளத்திற்கும் அடுத்த தளத்திற்கும் இடையே 90 அடி தூரம். மட்டையாளர் பந்தை அடித்துவிட்டு, மூன்று தளங்களையும் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்தை மீண்டும் மிதித்தால் ஒரு ரன். மூன்று பேர் அவுட்டானால் அடுத்த அணியின் முறை வரும். இரு பக்கக் கோடுகளுக்கு இடையே பறந்து வேலியைத் தாண்டும் பந்து 'ஹோம் ரன்' ஆகும். கோட்டுக்கு வெளியே போகும் பந்து 'ஃபவுல்' ஆகும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஃபவுல் பந்தாயினும், அது தரையைத் தொடுமுன் பிடிக்கப்பட்டால் மட்டையாளர் அவுட்தான். ஆகவேதான் பந்தைத் துரத்தும் ஆட்டக்காரர்கள் பார்வையாளர் வரிசை வரைக்கும், 'டக்-அவுட்' எனப்படும் ஆட்டக்காரர்கள் அமரும் பள்ளம் வரைக்கும் ஓடுகிறார்கள். மேலே பார்த்துக்கொண்டே ஓடுபவருக்கு வேலி நெருங்கிவிட்டது தெரிய வேண்டுமல்லவா? அதற்காகப் புல்தரை முடிந்தபின் வேலியை ஒட்டி மண் பரப்பிய ஒரு பட்டை இருக்கும். காலடியில் புல் மாறி மண் தட்டுப்பட்டால், "எச்சரிக்கை, சுவர் வருகிறது" என்று பொருள்.

இரண்டு கேள்விகள்

ஆட்டக்காரர் எல்லையில் பிடிக்கும் பந்தைப் பற்றி நடுவர் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்.

முதற் கேள்வி: பிடித்த நேரத்தில் கால் எங்கே இருந்தது? ஒரு காலேனும் ஆடுகளத்தின் மீதோ அதற்கு நேர் மேலாகவோ இருக்க வேண்டும். எந்தக் காலும் டக்-அவுட்டின் உள்தரையிலோ, ஆட்டத்திற்குப் புறம்பான வேறு இடத்திலோ ஊன்றியிருக்கக் கூடாது. கை எவ்வளவு தூரம் நீண்டாலும் குற்றமில்லை. வேலிக்கு மேலே, கம்பிக்கு அப்பால், பார்வையாளர் தலைக்கு மேலே கூடக் கையை நீட்டலாம். ஆனால் அது அவரவர் பொறுப்பு. தம் இடத்தில் இருக்கும் பார்வையாளர் ஒருவர் அந்தப் பந்தைத் தட்டிவிட்டால் முறையிட வழியில்லை. பார்வையாளரே ஆடுகளத்திற்குள் கையை நீட்டித் தடுத்தால் மட்டுமே அது இடையூறாகக் கருதப்படும்.

இரண்டாம் கேள்வி: பந்து உறுதியாகக் கையில் நின்றதா? பந்து கையில் பட்டவுடனே சுவரில் மோதியோ கீழே விழுந்தோ அதனால் பந்தை நழுவவிட்டால், அது பிடி ஆகாது.

இரு கேள்விகளுக்கும் விடை சரியாக இருந்தால் மட்டையாளர் அவுட். அதன் பின் ஆட்டக்காரர் வேலிக்கு அப்பால் உருண்டு விழுந்தாலும் அந்த அவுட் மாறாது.

அப்படியானால் எல்லை தாண்டியதற்குத் தண்டனையே இல்லையா? உண்டு. சட்டப்படி பந்தைப் பிடித்தபின் ஒருவர் புறம்பான இடத்தில் கால் வைத்தாலும் விழுந்தாலும் பந்து செத்த பந்தாகிறது. தளங்களில் நிற்கும் ஒவ்வொருவரும் ஒரு தளம் முன்னேறலாம். கூட்டத்திற்குள் விழுந்து கிடப்பவர் பந்தைத் திருப்பி எறிய இயலாது அல்லவா? அந்தக் குறையை ஈடு செய்யவே இந்த ஏற்பாடு.

இதனால் ஒரு சிக்கலும் பிறக்கிறது. கடைசிக் கட்டம், இரு அணியும் சம நிலை, மட்டை பிடிப்பது உள்ளூர் அணி, மூன்றாம் தளத்தில் ஒருவர் நிற்கிறார், அவுட்டானவர் ஒருவரே என்று வைத்துக்கொள்வோம். ஃபவுல் பந்து ஒன்று கூட்டத்தை நோக்கிப் பறக்கிறது. அதைப் பாய்ந்து பிடித்துக் கூட்டத்திற்குள் விழுந்தால் மட்டையாளர் அவுட். ஆனால் மூன்றாம் தளத்தில் இருப்பவர் ரன் பெற, ஆட்டமே கைவிட்டுப் போய்விடும். இப்படிப்பட்ட வேளையில் பிடிக்காமல் விடுவதே அறிவு. நொடிப் பொழுதில் இத்தனையும் கணக்கிட வேண்டும்!

2004ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் நியூயார்க் யாங்கீஸ் அணியின் டெரெக் ஜீட்டர், பாஸ்டன் அணிக்கு எதிரான ஆட்டத்தில் ஓடும் வேகத்தில் பந்தைப் பிடித்து, நிற்க முடியாமல் பார்வையாளர் நாற்காலிகள் மீது பாய்ந்து விழுந்தார். முகத்தில் காயத்தோடு எழுந்தார். ஏற்கெனவே இருவர் அவுட் ஆதலால் இவருடைய பிடி மூன்றாவது அவுட் ஆயிற்று. முன்னேறுவதற்கு எவருக்கும் இடமில்லாமற் போயிற்று. துணிச்சலோடு கணக்கும் சரியாக அமைந்த பிடி அது.

கிரிக்கெட்டில் எப்படி?

நமக்குப் பழக்கமான கிரிக்கெட்டில் நிலைமை வேறு. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லைக் கயிற்றை மிதித்தாலே ஆறு ரன் போய்விடும். 2024ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் பிரிட்ஜ்டவுனில் நடந்த இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதியாட்டத்தை நினைவுகூருங்கள். கடைசி ஓவரின் முதற்பந்தில் மில்லர் அடித்ததைச் சூர்யகுமார் யாதவ் பிடித்து, கயிற்றைத் தாண்டுமுன் மேலே எறிந்துவிட்டு, மீண்டும் உள்ளே வந்து பிடித்தார். பேஸ்பாலில் அவர் அவ்வாறு எறிந்திருக்க வேண்டியதில்லை. பந்தோடு வெளியே போயிருந்தாலும் அவுட்தான்.

யாரும் காணாத பிடி

சட்டம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடப்பதை யார் சொல்வது? 1925ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் வாஷிங்டன் நகரில் உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம் நடந்தது. எட்டாவது கட்டத்தில் வாஷிங்டன் அணி 4-3 என முன்னணியில் இருந்தது. பிட்ஸ்பர்க் அணியின் ஏர்ல் ஸ்மித் ஓங்கி அடித்த பந்தை நோக்கி ஓடிய சாம் ரைஸ், தாவிப் பிடித்த வேகத்தில் வேலிக்கு அப்பால் கூட்டத்திற்குள் விழுந்து மறைந்தார். சற்று நேரம் ஆளையே காணோம். பின்பு பந்தோடு எழுந்தார். நடுவர் சை ரிக்லர் "அவுட்" என்றார். பிட்ஸ்பர்க் அணியினர் கொதித்தெழுந்தனர். அவர் பந்தை நழுவவிட்டிருப்பார், கூட்டத்தில் யாரோ எடுத்துக் கொடுத்திருப்பார் என்று வாதாடினர். ஆனால் நடுவர் தீர்ப்பு மாறவில்லை. அந்த ஆட்டத்தில் வாஷிங்டன் வென்றது. தொடரை மட்டும் பிட்ஸ்பர்க் வென்றது.

பந்தைப் பிடித்தீரா என்று ரைஸைக் கேட்டவர்களுக்கெல்லாம், நடுவர் அப்படித்தான் சொன்னார் என்ற விடை ஒன்றே கிடைத்தது. 1965இல் அவர் ஒரு கடிதம் எழுதி, தம் மரணத்திற்குப் பின்னரே பிரிக்க வேண்டும் என்று பேஸ்பால் புகழ் மண்டபத்தில் ஒப்படைத்தார். 1974இல் அவர் காலமானபின் கடிதம் பிரிக்கப்பட்டது. ஒரு கணமேனும் பந்து தம் கையை விட்டு நழுவவில்லை என்று அதில் எழுதியிருந்தார். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அந்த விடை காத்திருந்தது!

பயிற்சி வினாக்கள்

1. இரு கால்களும் களத்தில் இருக்க, டக்-அவுட்டிற்குள் சாய்ந்து பந்தைப் பிடித்தவர், பின்பு உள்ளே விழுகிறார். இரண்டாம் தளத்தில் ஒருவர் நிற்கிறார், அவுட்டானவர் ஒருவர். தீர்ப்பு என்ன?
விடை: மட்டையாளர் அவுட். இரண்டாம் தளத்தில் இருந்தவர் மூன்றாம் தளத்திற்குச் செல்வார்.

2. ஒரு காலை டக்-அவுட்டின் உள்தரையில் ஊன்றிக்கொண்டு ஃபவுல் பந்தைப் பிடித்தால்?
விடை: பிடி செல்லாது. வெறும் ஃபவுல், மட்டையாளர் தொடர்ந்து ஆடுவார்.

3. எம்பிப் பிடித்தவர் வேலிக்கு அப்பால் விழுந்த அதிர்ச்சியில் பந்து நழுவினால்?
விடை: ஹோம் ரன்.

தோழியரே! கால் எங்கே இருந்தது என்பதை நடுவர் பார்த்துச் சொல்லலாம். கூட்டத்திற்குள் மறைந்தபோது கை பந்தை விட்டதா இல்லையா என்பதைப் பிடித்தவளே அறிவாள். அடுத்த முறை நம் மைதானத்தில் வழக்கு எழும்போது, கூவுவதற்கு முன் பிடித்தவளையே கேட்போம். அவளும் உள்ளதை உள்ளபடி சொல்லட்டும். மணி அடிக்கும் முன் இன்னும் நாலு பந்தாவது ஆடலாம்.