மேட்டு நிலத்துக்கு ஒரு நாற்சக்கர வண்டி

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மேய்ச்சல் நிலங்கள் பல குன்றும் சரிவுமாகக் கிடக்கின்றன. அங்கே ஆட்டுப் பண்ணை வைத்திருக்கும் ஓர் உழவரை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அவர் காலையில் வேலியைச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஆடுகளை ஒரு பட்டியிலிருந்து மற்றொரு பட்டிக்கு ஓட்ட வேண்டும். களைக்கொல்லி தெளிக்க வேண்டும். தீவன மூட்டைகளைக் கொண்டு செல்ல வேண்டும். இந்த வேலைகளுக்கு லாரி மிகப் பெரிது. மோட்டார் சைக்கிளோ போதாது. ஆகவே அவர் வாங்க நினைப்பது 'குவாட்' எனப்படும் நாற்சக்கர வண்டி.

மோட்டார் சைக்கிளில் அமர்வதைப் போலவே இருபுறமும் கால்களைப் போட்டு அமர்ந்து, கைப்பிடியைத் திருப்பி இதை ஓட்டுகிறார்கள். ஆனால் சக்கரங்கள் நான்கு, டயர்கள் பருத்தவை. முன்னும் பின்னும் சாமான் வைக்கக் கம்பித் தட்டுகள் உண்டு.

கடையில் பல வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பவை எஞ்சினின் அளவும் குதிரைத்திறனும்தான். நம் உழவர் எதை வாங்கலாம்? நீங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியலைக் கொண்டே இக்கேள்விக்கு விடை காண முடியும். வாருங்கள், அவருடன் சேர்ந்து நாமும் வண்டிகளைப் பார்ப்போம்.

மூன்று சக்கரம் நான்கான கதை

இவ்வகை வண்டிகளின் முன்னோடி மூன்று சக்கர வண்டியாகும். பனிக்காலத்தில் அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் விற்பனை குறைந்துவிடும். அப்போதும் விற்கக்கூடிய வண்டி ஒன்று வேண்டும் என்று விற்பனையாளர்கள் கேட்டதன் பேரில், ஹோண்டா நிறுவனம் 1970-ல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு சக்கரங்கள். ஒரு பொருளின் ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் குத்துக்கோடு அதன் அடித்தளத்துக்குள் விழும்வரை அப்பொருள் கவிழாது என்பதை அறிவீர்கள். மூன்று சக்கர வண்டியின் அடித்தளம் ஒரு முக்கோணம். முன்னோக்கிச் செல்லச் செல்ல அது குறுகிவிடுகிறது. எனவே திருப்பங்களில் வண்டி எளிதில் கவிழ்ந்தது.

1982-ல் சுசுகி நிறுவனம் நான்கு சக்கர வண்டியை வெளியிட்டது. நான்கு சக்கரங்களையும் எஞ்சின் இயக்கும் வண்டியை ஹோண்டா 1986-ல் விற்கத் தொடங்கியது. 1988-ல் அமெரிக்க அரசுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி மூன்று சக்கர வண்டிகளின் விற்பனையை உற்பத்தியாளர்கள் நிறுத்திக்கொண்டனர். அடித்தளம் முக்கோணத்திலிருந்து நாற்கரமாக மாறியது. ஆனால் கவிழும் ஆபத்து அத்துடன் தீர்ந்துவிட்டதா? அதைப் பின்னர் பார்ப்போம்.

பருத்த டயர் எதற்கு?

வண்டியின் நிறை 300 கிலோகிராம், ஓட்டுபவரின் நிறை 80 கிலோகிராம் என்று கொள்வோம். மொத்தம் 380 கிலோகிராம். இதன் எடை ஏறத்தாழ 3,720 நியூட்டன். ஒரு சக்கரத்தின் பங்கு 930 நியூட்டன். மோட்டார் கார் டயரில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 30 பவுண்டு அழுத்தத்தில் காற்று அடைக்கிறோம். குவாட் டயரிலோ 5 முதல் 7 பவுண்டு வரைதான். அதாவது சுமார் 40 கிலோபாஸ்கல். மெல்லிய டயர் தரையை அழுத்தும் அழுத்தம், உள்ளே உள்ள காற்றின் அழுத்தத்துக்கு ஏறக்குறையச் சமம். ஆகவே தரையைத் தொடும் பரப்பு 930-ஐ 40,000-ஆல் வகுத்தால் கிடைக்கும். விடை 0.023 சதுர மீட்டர். அதாவது பக்கத்துக்கு 15 செ.மீ. உள்ள ஒரு சதுரம். கார் டயரின் அழுத்தத்தில் இதே எடையைத் தாங்க ஐந்தில் ஒரு பங்குப் பரப்பே போதும். ஆனால் சேற்றில் அது புதைந்துவிடும்.

இதில் ஒரு நடைமுறைப் பாடமும் உண்டு. இவ்வளவு குறைந்த அழுத்தத்தைக் கார் டயருக்கான அளவியால் சரியாக அளக்க முடியாது. அதற்கெனக் குறைந்த அழுத்த அளவி வேண்டும். இடப்புற டயரும் வலப்புற டயரும் ஒரே அழுத்தத்தில் இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

நான்கு சக்கரமும் இழுத்தால்

வண்டியை முன்னே செலுத்துவது எஞ்சின் என்கிறோம். உண்மையில் அதை முன்னே தள்ளுவது தரையின் உராய்வு விசையே. உராய்வு விசையின் உச்ச அளவு, சக்கரத்தின் மேல் அழுத்தும் எடையை உராய்வுக் கெழுவால் பெருக்கினால் கிடைக்கும். ஈரப் புல்லில் உராய்வுக் கெழு 0.35 என்று கொள்வோம். பின் சக்கரங்கள் மட்டும் இயங்கும் வண்டியில், மொத்த எடையில் சுமார் 55 சதவீதம் பின்னால் இருந்தால் அந்தப் பங்கு மட்டுமே இழுவைக்குப் பயன்படும். நான்கு சக்கரமும் இயங்கினால் முழு எடையும் பயன்படும்.

ஏறக்கூடிய சரிவின் டேன்ஜெண்ட் முதல் வண்டிக்கு 0.35 × 0.55, அதாவது 0.19. கோணம் 11 டிகிரி. இரண்டாவது வண்டிக்கு 0.35, கோணம் 19 டிகிரி. மேட்டில் ஏறும்போது எடை சற்றே பின்னால் நகர்வதை இங்கே கணக்கில் எடுக்கவில்லை. எனினும் வேறுபாடு உங்களுக்கு விளங்கும்.

இப்போது எஞ்சினுக்கு வருவோம். ஈரப் புல்லில் தரை தரக்கூடிய உச்ச உந்துவிசை 3,720 × 0.35, அதாவது சுமார் 1,300 நியூட்டன். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 2.8 மீட்டர். திறன் என்பது விசை, வேகம் ஆகியவற்றின் பெருக்கம். ஆக, தேவைப்படுவது 3,640 வாட். இது ஏறக்குறைய 5 குதிரைத்திறன். நடுத்தர அளவுள்ள 500 கன செ.மீ. எஞ்சின் சுமார் 30 குதிரைத்திறன் தரும். பண்ணை வேலையின் வேகத்தில் அதில் ஆறில் ஒரு பங்குக்குமேல் தரைக்குச் செலுத்தவே முடியாது. செலுத்தினால் சக்கரம் வழுக்கிச் சுழலும். விளம்பரத்தின் பெரிய எழுத்து நம் உழவருக்கு அவ்வளவு முக்கியமன்று என்பது இதனால் தெரிகிறது.

அவர் கேட்க வேண்டியவை வேறு இரண்டு. ஒன்று, மெதுவாகச் செல்வதற்கான தாழ்ந்த கியர் உள்ளதா? பாரம் இழுக்கவும், இறக்கத்தில் எஞ்சினின் தடையாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்தவும் அது உதவும். பெல்ட்டும் இரண்டு கப்பிகளும் கொண்ட தானியங்கி வண்டிகளில் பாரம் இழுக்கும்போது தாழ்ந்த கியரைப் போடாவிட்டால் பெல்ட் வழுக்கிச் சூடேறிக் கெடும்.

மற்றொன்று, பின் அச்சில் டிஃபரன்ஷியல் உள்ளதா? வண்டி திரும்பும்போது வெளிச் சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிக தூரம் செல்ல வேண்டும். இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கர அமைப்பே டிஃபரன்ஷியல். குவாட் வண்டிகள் பலவற்றில் பின் அச்சு ஒரே தண்டு. ஒரு சக்கரம் தரையில் தேய்ந்துகொண்டே வர வேண்டும். ஆகவே வண்டி திரும்ப மறுத்து நேரே போகப் பார்க்கும். தேவையானபோது பூட்டவும் மற்ற நேரத்தில் திறந்துவிடவும் கூடிய டிஃபரன்ஷியல் உள்ள வண்டியே நல்லது.

தீப்பெட்டிச் சோதனை

இனிமேல்தான் முக்கியமான கேள்வி. அதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு பலகையின் மேல் குச்சிகள் நிறைந்த தீப்பெட்டியை அகலப் பக்கம் கீழே படியும்படி வையுங்கள். அது வழுக்காமலிருக்கக் கீழ்ப்புறத்தில் மெல்லிய குச்சி ஒன்றை ஒட்டி அணை கொடுங்கள். பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். பெட்டி எந்தக் கோணத்தில் கவிழ்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உரசும் பக்கம் கீழே இருக்க வைத்தும், நிமிர்த்து நிற்க வைத்தும் செய்து பாருங்கள். கடைசியாக, நிற்கும் பெட்டியின் உச்சியில் ஒரு நாணயத்தை ஒட்டிச் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் கவிழும் கோணம் குறைந்துகொண்டே வருவதைக் காண்பீர்கள்.

இதற்கான விதி எளிது. கவிழும் கோணத்தின் டேன்ஜெண்ட் = அடித்தள அகலத்தில் பாதி ÷ ஈர்ப்பு மையத்தின் உயரம்.

இவ்விதியை வண்டிக்குப் பொருத்துவோம். இடப்புற, வலப்புறச் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம் 80 செ.மீ.; பாதி 40. ஆளில்லாத வண்டியின் ஈர்ப்பு மையம் 50 செ.மீ. உயரத்தில் உள்ளது என்போம். 40 ÷ 50 = 0.8, கோணம் சுமார் 39 டிகிரி. இப்போது 80 கிலோகிராம் மனிதர் ஏறி அமர்கிறார். அவருடைய ஈர்ப்பு மையம் 105 செ.மீ. உயரத்தில். இரண்டையும் சேர்த்துச் சராசரி கண்டால் உயரம் சுமார் 62 செ.மீ. ஆகிறது, கோணம் 33 டிகிரி. பின் தட்டில் 50 லிட்டர் மருந்துத் தொட்டியை 95 செ.மீ. உயரத்தில் வைத்தால் கோணம் சுமார் 31 டிகிரிக்கு இறங்குகிறது. திரவம் தளும்பினாலோ டயர் நசுங்கினாலோ இன்னும் குறையும்.

31 டிகிரி போதாதா என்று கேட்பீர்கள். 15 டிகிரிச் சரிவில் குறுக்காக ஓட்டிச் செல்கிறார் என்போம். மேட்டுப் பக்கச் சக்கரங்கள் 15 செ.மீ. உயரமுள்ள ஒரு பாறையின் மேல் ஏறுகின்றன. 80 செ.மீ. அகலத்துக்கு 15 செ.மீ. உயர்வு என்றால் மேலும் சுமார் 11 டிகிரி சாய்வு. கூட்டினால் 26. மீதி 5 டிகிரிதான். அந்த நேரத்தில் அவர் 6 மீட்டர் ஆரத்தில் வண்டியை மேட்டுப் பக்கமாகத் திருப்பினால், மணிக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர் வேகத்திலேயே மீதியும் தீர்ந்துவிடும். ஓர் ஆள் மெல்ல ஓடும் வேகம் அது!

நான்கு சக்கர இழுவை வண்டியை அதிகமாகச் சாயாமல் காக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. நான்கு சக்கரமும் இழுப்பதால் ஏறும் ஆற்றல் கூடுகிறது. கவிழும் கோணம் ஒரு டிகிரிகூடக் கூடுவதில்லை. முன்பு ஏற முடியாத சரிவுக்கு வண்டி நம்மைக் கொண்டுபோய் விடுகிறது. அங்கே நிற்கும் உறுதியை மட்டும் அது தருவதில்லை.

உயிரின் விலை

இது ஏட்டுக் கணக்கன்று. ஆஸ்திரேலியாவில் 2011-க்குப் பின் வந்த ஆண்டுகளில் குவாட் விபத்துகளில் ஆண்டுக்குச் சராசரியாகப் பதினைந்து பேருக்குமேல் இறந்தனர். அவர்களுள் குழந்தைகளும் உண்டு. கவிழ்ந்த வண்டி மேலே விழுவதே பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம். 300 கிலோகிராம் நெஞ்சின் மேல் கிடந்தால் எலும்பு முறியாவிட்டாலும் மூச்சுவிட முடியாது. தனியாக வேலை செய்பவருக்கு வண்டியைத் தூக்கிவிட யாரும் அருகில் இருப்பதில்லை.

ஆகவே அந்நாட்டு அரசு 2019-ல் ஒரு பாதுகாப்புத் தர விதியை வெளியிட்டது. 2020 அக்டோபர் முதல், வண்டி எந்தக் கோணத்தில் பக்கவாட்டில் கவிழத் தொடங்கும் என்பதை ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட வேண்டும். 2021 அக்டோபர் முதல், புதிய பண்ணை வண்டிகள் பக்கவாட்டில் 28.81 டிகிரி வரை தாங்க வேண்டும். முன்னும் பின்னும் கவிழாமை தனியே சோதிக்கப்படும். இந்த 28.81 எங்கிருந்து வந்தது? டேன்ஜெண்ட் அட்டவணையைப் பாருங்கள்: 0.55 என்ற எண்ணுக்குரிய கோணம் அது. நம் தீப்பெட்டி விதியே சட்டமாகியிருக்கிறது! அத்துடன் ஓட்டுபவரின் பின்னால் வளைந்த உலோகக் காப்பு ஒன்றும் பொருத்தப்பட வேண்டும். வண்டி புரண்டாலும் தரைக்கும் வண்டிக்கும் இடையே சிறிது இடைவெளி கிடைக்க அது உதவுகிறது. ஹோண்டா, யமஹா உள்ளிட்ட நிறுவனங்கள் இந்த விதிகளை எதிர்த்து, அந்நாட்டில் இவ்வகை வண்டிகளை விற்பதிலிருந்து விலகுவதாக அறிவித்தன. ஆயினும் விதி நிலைத்தது.

ஆகவே நம் உழவர் கடையில் முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சிறிய அட்டை. கோணம் பெரிதாக உள்ள வண்டியைத் தேர்ந்தெடுக்கட்டும். அடுத்துக் காப்பு வளையம், டிஃபரன்ஷியல், தாழ்ந்த கியர், நான்கு சக்கர இழுவை, கடைசியில்தான் எஞ்சின். தொட்டியும் மூட்டையும் நாள்தோறும் சுமக்க வேண்டுமானால், இருவர் அருகருகே அமரும், கூண்டும் இருக்கை வாரும் உள்ள அகன்ற வண்டியே அவருக்கு ஏற்றது. ஒற்றை இருக்கை வண்டியில் இரண்டாவது ஆளை ஏற்றக் கூடாது. தலைக்கவசம் இல்லாமல் ஏறக் கூடாது. பெரியவர்களுக்கான வண்டியை 16 வயது நிரம்பாதவர் ஓட்டலாகாது என்று வண்டியின் மேலேயே எச்சரிக்கை ஒட்டப்பட்டிருக்கும். உங்களில் பலருக்கு அது பொருந்தும்.

உங்களுக்கு ஒரு கணக்கு: மேலே சொன்ன வண்டியில் அந்த 50 லிட்டர் தொட்டியைத் தட்டில் வைக்காமல், தனிச் சக்கரங்கள் உள்ள இழுவை வண்டியில் வைத்தால் கவிழும் கோணம் எவ்வளவு மீளும்? கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டு டிகிரிக்குச் சற்றுக் குறைவாகவே வரும். பாறை மேல் சக்கரம் ஏறிய அந்த நொடியில் மீதியிருந்தது எத்தனை டிகிரி என்பதை நினைத்துக்கொண்டால், இந்த இரண்டு டிகிரியின் மதிப்பு உங்களுக்குப் புரியும்.