செம்சுக் கேப்டன் செய்தது குற்றமா?

கேள்வி: சென்னையில் குண்டு போட்ட எம்டன், பினாங்கில் ஒரு ரஷ்யக் கப்பலையும் மூழ்கடித்ததாமே? அதன் கேப்டனைத் தண்டித்தது நியாயமா? (வாசகர், சேலையூர், தாம்பரம்)

பதில்: நியாயம்தான். 1914 அக்டோபர் 28 அதிகாலையில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்தபோது, செம்சுக் என்ற அந்த ரஷ்யக் கப்பலின் கேப்டன் பாரன் செர்கசோவ் கரையில் இருந்தார். கப்பலில் டார்பிடோக்கள் முடக்கப்பட்டிருந்தன. பீரங்கிகளுக்கு அருகே சொற்பக் குண்டுகளே இருந்தன. எண்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டார்கள். எம்டன் போலியாக நான்காவது புகைபோக்கியை மாட்டிக்கொண்டு பிரிட்டிஷ் கப்பல்போல வந்ததே, அவர் என்ன செய்வார் என்று சிலர் கேட்பார்கள். வேஷம் காவலாளியை ஏமாற்றலாம். பூட்டிக் கிடந்த வெடிமருந்து அறைக்கு அது சமாதானம் ஆகாது. சென்னை மட்டும் என்ன வாழ்ந்தது என்றால், உண்மைதான்: செப்டம்பர் 22 இரவு இங்கும் துறைமுக விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, பர்மா ஆயில் டாங்குகள் பற்றி எரிந்தன. ஆனால் அந்தத் தீயே செர்கசோவுக்கு ஒரு மாத முன்னறிவிப்பு. ராணுவ நீதிமன்றம் பதவியையும் பிரபுப் பட்டத்தையும் பறித்துச் சிறைத்தண்டனை விதித்தது. சிறைக்குப் பதிலாகச் சாதாரண மாலுமியாகப் போர்முனைக்குப் போனவர், அங்கே வீரப்பதக்கம் வாங்கி, 1917இல் பதவியைத் திரும்பப் பெற்றார். புரட்சிக்குப் பின் அயல்நாட்டில் இறந்தார். அவர் கோழையல்ல. ஆனால் பினாங்கில் அவர்மீது விழுந்த குற்றச்சாட்டு கோழைத்தனம் அல்லவே, அலட்சியம். அதைப் பதக்கம் கழுவாது.