கம்பியில்லாக் கருவி வாங்கு முன்



உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013 ஆம் ஆண்டு தொடங்கிய பிறகு, தோட்டத்துப் பிள்ளைகளும் இலத்திரனியல் செயற்றிட்டம் செய்யத் தொடங்கிவிட்டார்கள். சந்தோஷம்தான். ஆனால் பிள்ளை கேட்டதும் சம்பளச் சல்லியை எடுத்துக் கொடுத்து, கடைக்காரர் நீட்டியதை வாங்கி வந்து, வேலை செய்யாமல் அலுமாரியில் போட்ட கதைகள் எத்தனையோ. அதில் எங்கள் கதையும் ஒன்று.

எமது தோட்டத்துப் பிள்ளை ஒருத்திக்கு வண்ணாத்திவில்லுவில் தாய்மாமன் இருக்கிறார். புத்தளத்திலிருந்து பழைய மன்னார் வீதியில் எழுவன்குளம் போகிற வழியில் உள்ள ஊர். எழுவன்குளத்துக்கு அப்பால் கலா ஓயா, அதற்கும் அப்பால் வில்பத்துக் காடு. மாமன் கடலையும் கஜுவும் போட்டிருக்கிறார். விளைச்சல் நேரத்தில் இரவெல்லாம் பரணில் காவல். யானை வந்தால் வெடி கொளுத்துவதும் தகரம் அடிப்பதும்தான் வேலை. நம் நாட்டில் அண்மைய ஆண்டுகளில் யானையால் இறந்த மனிதர் ஆண்டுக்கு நூறுக்கும் மேல். மனிதரால் இறந்த யானைகள் அதைவிட அதிகம். எனவே வேலி ஓரத்தில் கயிறு இழுபட்டதும் வீட்டில் மணி அடிக்கும் கருவி ஒன்று செய்யப் பிள்ளை ஆசைப்பட்டாள். விடுமுறையில் நாங்களும் கூடப் போனோம்.

முதலில் வாங்கியது எச்.சி-05 என்ற புளூடூத் பகுதி. "நல்லா தூரம் போகும்" என்று கடையில் சொன்னார்கள். அது பத்து மீற்றருக்குள் கைபேசியுடன் பேசுவதற்கான சாமான். கடலைத் தோட்டத்து மூலையிலிருந்து வீடு ஏறக்குறைய நானூறு மீற்றர். பிழை கடையில் மட்டுமல்ல. எவ்வளவு தூரம் என்று அளக்காமலே வாங்கப் போன எங்களிலும்தான். ஆகவே முதல் வேலை தூரத்தை அளப்பது. நடுவில் மரமா, மேடா, மண்சுவரா என்று எழுதிக்கொள்ளவும் வேண்டும்.

அடுத்தது அலைவரிசை. என்.ஆர்.எஃப்-24, வை-ஃபை, புளூடூத் எல்லாம் 2.4 கிகாஹேர்ட்ஸில் ஓடுபவை. ஈர இலை இந்த அலையை நன்றாக விழுங்கும். வீட்டுக்குள் துள்ளி விளையாடும் கருவி தேயிலைச் செடிக்கு நடுவே மழையில் வாய் மூடிக்கொள்வது இதனால்தான். 433 மெகாஹேர்ட்ஸ் போன்ற நீண்ட அலை இலைகளூடாக இதைவிட நன்றாகப் போகும். ஆனால் நடுவில் மலை நின்றால் எந்த அலைக்கும் கஷ்டம்தான்.

433 இல் மிக மலிவான சோடி ஒன்று கிடைக்கும்: ஒன்று அனுப்பும், மற்றது வாங்கும். அன்ரெனா இல்லாமல் சில மீற்றர்தான் போகும். அன்ரெனாக் கம்பி எவ்வளவு நீளம்? அலை செக்கனுக்கு 30 கோடி மீற்றர் ஓடுகிறது. அதை 43 கோடி 30 இலட்சத்தால் பிரித்தால் ஓர் அலை 69 சென்ரிமீற்றர். அதில் கால் பங்கு 17.3 சென்ரிமீற்றர். அந்த அளவில் வெட்டிய சாதாரணச் செப்புக் கம்பியே போதும். பிள்ளைகள் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் இந்தச் சோடியில் வாங்கும் பகுதி சும்மா இருக்கும்போதும் இரைச்சலைப் பிடித்துக்கொண்டே இருக்கும். செய்தி போய்ச் சேர்ந்ததா என்று அனுப்புகிற பக்கத்துக்குத் தெரியவும் தெரியாது.

கைபேசிக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பும் சிம்-800 பகுதியையும் யோசித்தோம். அது 2ஜி சேவையில் மட்டும் வேலை செய்யும். அனுப்பும் நொடியில் 2 அம்பியர் வரை மின்னோட்டம் இழுக்கும். சின்னப் பற்றரி அதைத் தாங்காது. அதோடு காட்டோரத்தில் சிக்னல் வந்து வந்து போகிறது. விட்டுவிட்டோம்.

கடைசியில் எடுத்தது லோரா. பிரான்ஸில் சைக்கிளியோ என்ற சின்னக் கம்பனி உருவாக்கியது. 2012 இல் செம்டெக் கம்பனி அதை வாங்கியது. படமோ பாட்டோ அனுப்ப இதற்கு முடியாது. ஆனால் நாலு சொல்லை மெதுவாக, கிலோமீற்றர் கணக்கில் கொண்டுபோகும். எங்களுக்கு வேண்டியதும் நாலு சொல்தானே. வாங்குகிறவர்கள் மூன்று விஷயத்தில் கவனமாக இருங்கள். இது 3.3 வோல்ற்றுச் சாமான். 5 வோல்ற்று கொடுத்தால் கருகிப் போகும். ஆர்டுயினோ ஊனோவின் சமிக்ஞைக் கால்களும் 5 வோல்ற்று என்பதால் நேரே இணைக்காமல் 3.3 வோல்ற்றுப் பலகையோடு சேர்ப்பது நல்லது. ஊனோவின் 3.3 காலிலிருந்து 50 மில்லி அம்பியர்தான் எடுக்கலாம். லோரா முழு வலுவில் அனுப்பும்போது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் கேட்கும். அன்ரெனா மாட்டாமல் ஒருபோதும் அனுப்ப விடாதீர்கள், உள்ளே பழுதாகலாம்.

இன்னொன்று: வானலை யாருடைய சொந்தச் சொத்தும் இல்லை. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ், எந்த அலைவரிசையில் எவ்வளவு வலு பாவிக்கலாம் என்பதைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் ஆசிரியர் மூலம் கேட்டுவிட்டே வாங்க வேண்டும். அரசாங்க யானை வேலியில் பிள்ளைகள் கம்பி கட்டுவதும் கூடாது. வீட்டு மின்சாரத்தை வேலிக்குக் கொடுப்பது கொலைக்குச் சமம்.

எல்லாம் பூட்டி, கயிற்றை இழுத்தோம். வீட்டில் மணி அடித்தது. பிள்ளை துள்ளினாள். மாமன் மட்டும் யோசித்துக்கொண்டே நின்றார்.

"ஏம்மா, இது அடிச்சா யானை வந்திருச்சின்னு தெரியும். அடிக்கலேன்னா? பற்றரி செத்துப்போனாலும் அடிக்காதே. நான் நம்பித் தூங்கிட்டா?"

பிள்ளைக்குப் பதில் வரவில்லை. எங்களுக்கும்தான். நாங்கள் மூன்று நாளாக அலைவரிசையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். பரணில் இருக்கும் மனிதனை மறந்துவிட்டோம்.

அன்றிரவே மாற்றி எழுதினாள். வேலிப் பக்கக் கருவி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "நான் இருக்கிறேன்" என்று ஒரு சொல் அனுப்பும். மூன்று முறை தொடர்ந்து அது வராவிட்டால் வீட்டில் வேறொரு சத்தத்தில் மணி அடிக்கும். ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லை. சோதித்துப் பார்க்க, சொல்லாமல் போய்ப் பற்றரியைக் கழற்றினோம். அரை மணி நேரத்தில் வீட்டில் மணி அடித்தது. மாமன் டோர்ச் லைட்டுடன் ஓடி வந்தார்.

அப்படியும் பரணை விட்டு இறங்கச் சொல்லவில்லை. யானை கயிறு கட்டாத பக்கத்தாலும் வரும். யானைகள் நம் காதுக்குக் கேட்காத தாழ்ந்த ஒலியில் பேசுவதை 1984 இல் அமெரிக்காவில் கேற்றி பெயின் கண்டார். அந்த ஒலியைப் பிடித்து யானை நிற்கும் இடம் அறியும் மலிவான கருவி பற்றிக் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியினர் 2017 இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பெரிய இடத்து வேலை அது. எங்கள் பிள்ளையுடையது கயிறும் மணியும்.

2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவை மறக்காத நம் தோட்டங்களில் மழைமானிக் கருவி செய்ய நினைக்கும் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களும் மாமன் கேட்ட கேள்வியை முதலில் கொப்பியில் எழுதிக்கொள்ளட்டும். தூரத்தையும் இடையில் உள்ளதையும் அளந்த காகிதத்துடன் நலன்புரி அலுவலகத்துக்கு வந்தால், என்ன வாங்கலாம் என்று உட்கார்ந்து பார்ப்போம். அந்தப் பழைய புளூடூத் பகுதியும் எங்களிடம்தான் இருக்கிறது. பத்து மீற்றருக்குள் வேலை உள்ளவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.